கொழும்புத் தோட்டங்களும் கிறவல் வீதியும்

மேனாடுகளிலே அண்மைக் காலத்தில் புதியதொரு சவாரி முறை பெருவழக்குப் பெற்றுள்ளது. தாரிட்ட நெடுஞ்சாலைகளை விலக்கி, காட்டோரங்களிலும் பண்ணை நிலங்களிலும் பழைய பிரபுக்களின் பெருமனைகளைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிடக்கும் சரளைக்கற் பாதைகளிலே துவிச்சக்கர வண்டி ஓட்டுதலே அதுவாகும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பண்ணைகளினூடே செல்லும் கரடுமுரடான வீதிகளில் 200 மைல் தூரம் ஓடும் போட்டியொன்று 2006ஆம் ஆண்டு தொடங்கிற்று. இத்தாலியின் தொஸ்கானாப் பிரதேசத்திலே, திராட்சைத் தோட்டங்களுக்கிடையே நெளிந்து செல்லும் வெண்சரளை வீதிகள் தார்ப்பூச்சினால் மறைந்துவிடாமற் காக்க வேண்டும் என்னும் நோக்குடன் 1997இல் பழைய வண்டிகளுக்கான ஓட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. 2022இல் இச்சவாரிக்கு உலகப் போட்டியே நடைபெற்றது.

இலங்கையர் ஒருவருக்கு இச்செய்தி சற்று நகைப்பை விளைவித்தல் கூடும். கிறவல் வீதியிலே சைக்கிள் ஓட்டுவதை இங்கு எவரும் விளையாட்டெனக் கருதியதில்லை. பாடசாலைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் செல்ல வேறு வழியில்லாமையாலேயே மக்கள் அவ்வாறு ஓட்டினர். எனினும், நகைத்துவிட்டு அப்பாற் செல்லத்தக்க விடயமன்று இது. ஒரு நாட்டில் கிறவல் வீதி எங்கே தார் வீதியாக மாறிற்று, எங்கே கிறவலாகவே எஞ்சிற்று என்னும் வினாவை எழுப்பினால், நிலம் எவருடையதாயிருந்தது, வீதியை எவர் போட்டனர், அதிலே எவர் சென்றனர் என்னும் வினாக்கள் அதன் பின்னே தொடர்ந்து வருகின்றன. அவ்வினாக்களுக்கு விடை காணக் கொழும்பு நகரிலும் பொருத்தமான களம் வேறில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ ஆறு மைல். சைக்கிளிற் செல்வோருக்கு ஒரு மணி நேரமும் வேண்டியதில்லை. இவ்விரு பெயர்களின் ஈறுகளையும் முதலில் நோக்குதல் தகும். சேனை என்பது காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம், சிங்களத்தில் ஹேன. வத்தை என்பது சிங்களத்தில் வத்த. தோட்டம் என்பது அதன் பொருள். வெள்ளவத்தை கடற்கரை மணலிலே அமைந்த தோட்டம். இடையிலே கறுவாத்தோட்டம் கிடக்கின்றது. சற்றுக் கிழக்கே நாரஹேன்பிட்டியில் மீண்டும் ஒரு சேனை ஒளிந்திருக்கின்றது. பொரளை என்னும் பெயர் சரளைக்கல்லைக் குறிக்கும் 'பொரளு' என்னும் சிங்களச் சொல்லடியாகப் பிறந்தது என்பர். ஆகவே காடு, வயல், தோட்டம், கிறவல் ஆகிய நான்கும் நகரத்தின் பெயர்களிலே இன்னும் இருக்கின்றன, மண்ணிலேதான் இல்லை.

கொட்டாஞ்சேனைப் பகுதி ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய வேளையிலே கோட்டைக்கு வெளியே கிடந்த புறநிலமாகும். அம்முற்றுகையில் உயிரிழந்த தளபதி ஹுல்ப்ட் பாசறை அமைத்திருந்த இடமே ஹுல்ப்ட்ஸ்டோர்ப் எனப் பெயர் பெற்றது. தமிழர் அதனைப் புதுக்கடை என்பர். 1749இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1757இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம் நிற்கும் மேட்டுக்கு வுல்வெண்டால், அஃதாவது ஓநாய்ப் பள்ளத்தாக்கு, என்று பெயர். இலங்கையில் ஓநாய் இல்லை. சதுப்பு நிலத்தில் ஊளையிட்ட நரிகளையே அவர்கள் ஓநாய் என மயங்கினர் போலும். பெயர் பிழையாயினும் காடு எவ்வளவு அண்மையில் இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகின்றது.

பின்னர் இவ்வட பகுதியே செல்வர் வாழும் இடமாயிற்று. ஒல்லாந்த உத்தியோகத்தரும், அவர்க்குப் பின் ஆங்கிலேயரும், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலான இடங்களிலே பெருந்தோட்டங்களின் நடுவே மனைகளை அமைத்து வாழ்ந்தனர். 1881இல் இலங்கைக்கு வந்த ஜெர்மானிய விலங்கியலறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் முகத்துவாரத்திலே, களனி கங்கை கடலொடு கலக்குமிடத்துக்கு அண்மையிலுள்ள அத்தகைய மனையொன்றிலே தங்கினார். அதன் தோட்டத்தின் வளத்தைத் தம் பயண நூலில் வியந்து எழுதினார். அவர் கண்டது ஒரு யுகத்தின் கடைசி மாலைப் பொழுது எனலாம். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்புத் துறைமுக அலைதடுப்பு 1885இல் நிறைவேறிற்று. அதன்பின் நிலக்கரியும் பண்டகசாலைகளும் மாட்டு வண்டிகளும் வட கொழும்பை நிறைத்தன. செல்வர் தெற்கே கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகள் துண்டாடப்பட்டன. ஒரு மனை நின்ற நிலத்தில் ஒற்றையறைகள் வரிசை வரிசையாய் எழுந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் வண்டிற்காரரும் அங்கே குடியேறினர். தமிழகத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தோர் அவருட் பலர். பொதுக் குழாய் ஒன்று, பொதுக் கழிப்பிடம் ஒன்று, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. இவ்விடங்களுக்கு நகர மக்கள் வழங்கிய பெயரும் தோட்டம் என்பதே. செடியும் கொடியும் போய்ப் பெயர் மட்டும் நின்றது. அச்சந்துகளினுள்ளே செல்லக்கூடிய வண்டி, கைவண்டிக்கு அடுத்தபடியாகத் துவிச்சக்கர வண்டி ஒன்றே.

இனிக் கறுவாத்தோட்டம். கறுவா முதலில் தோட்டப் பயிரன்று. தாழ்நிலக் காடுகளிலே தானே வளர்ந்த மரம். அதனை உரித்துக் கொணரும் கடமை சலாகம மக்களைச் சார்ந்திருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் வழியினர் இவர் என்பது மரபு. ஒல்லாந்தர் ஆட்சியிலே கறுவா மரத்துக்குச் சேதம் விளைத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. தன் கொல்லையில் முளைத்த மரத்தின் கிளையை ஒடிக்கவும் குடியானவனுக்கு உரிமையில்லை. காட்டினூடே செல்லும் ஒற்றையடிப் பாதை அக்காலத்தில் உல்லாசத்துக்குரியதன்று. உரிகாரர் கும்பெனிக்குச் சுமை தூக்கிச் செல்லும் வழி அது. 1760 முதல் 1766 வரை கண்டி அரசுடன் நிகழ்ந்த போரினாற் காட்டுக் கறுவாவை நம்பியிருத்தல் அபாயகரம் என ஒல்லாந்தர் உணர்ந்தனர். தேசாதிபதி இமான் வில்லெம் பல்க் காலத்தில், 1769ஆம் ஆண்டளவில், மருதானையிலே கறுவா நடப்பட்டது. காட்டு மரம் வேலிக்குள் வந்தது அப்பொழுதுதான். இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றைக் கோப்பியுடன் தொடங்குவது வழக்கமாயினும், அதன் முதல் வித்து கொழும்பு நகரின் நடுவிலே ஊன்றப்பட்டது என்பதை மறத்தலாகாது.

1833இல் கறுவாத் தனியுரிமை ஒழிக்கப்பட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமர்சன் டெனன்ட் இலங்கையிற் பதவி வகித்த காலத்திலேயே அத்தோட்டங்கள் பராமரிப்பிழந்து புதர் மண்டிக் கிடந்தன. பின்னர் அந்நிலத்திலே நூதனசாலையும் (1877) குதிரைப் பந்தயத் திடலும் (1893) அமைந்தன. அகன்ற வீதிகள் வெட்டப்பட்டன. அதற்குத் தென்மேற்கே, கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்குமிடையே, சாள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் பெருவளவு பரந்து கிடந்தது. 1870இல் எடின்பரோக் கோமகன் அல்பிரட்டுக்கு அங்கே அளித்த விருந்தின் நினைவாக அது அல்பிரட் இல்லம் எனப் பெயர் மாறிற்று. அவ்வளவின் ஒரு பகுதியில் 1912இல் எழுந்த மனையே பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரிக்குரியதாகிக் கல்லூரி இல்லம் எனப் பெயர் பெற்றது. கொழும்புப் பல்கலைக்கழக மாணவன் தன் சைக்கிளைச் சாத்திவைக்கும் நிலம் ஒரு காலத்தில் தனியொருவரின் தோட்டமாயிருந்தது.

வீதி அமைந்த வரலாறு இதனினும் சுவையானது, துயரமும் மிகுந்தது. மேனாடுகளிலே நல்ல வீதி வேண்டுமென முதலிற் குரல் எழுப்பியோர் துவிச்சக்கர வண்டிக்காரரே. பிரித்தானியாவில் 1886இல் வீதி திருத்தச் சங்கம் அமைத்தவரும், அமெரிக்காவில் நல்வீதி இயக்கம் நடத்தியவரும் அவர்களே. வண்டி முன்னே வந்தது. வீதி பின்னே வந்தது. இலங்கையில் இம்முறை தலைகீழ். துவிச்சக்கர வண்டி இங்கு வருமுன்னரே வீதிகள் போடப்பட்டுவிட்டன. அவை போடப்பட்டது படைகளுக்காகவும் கோப்பி மூட்டைகளுக்காகவும். கண்டி வீதி வேலையை 1820இல் எட்வேட் பாண்ஸ் தொடக்கினார். அவ்வேலையில் ஒரு பகுதியைப் பொறுப்பேற்ற தோமஸ் ஸ்கின்னருக்கு அப்பொழுது வயது பதினாறளவு. வீதியமைப்பில் எவ்வித பயிற்சியும் இல்லை. வேலை செய்தோர் இராசகாரியம் என்னும் பழைய ஊழியக் கடமையின் பேரில் ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட குடியானவர். மன்னர் காலத்திலே நிலவுரிமைக்கு ஈடாயிருந்த கடமை, பிரித்தானியர் கையிலே கூலியில்லா வேலையாயிற்று. 1832இல் அது ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் தேசாதிபதி டொரிங்டன் காலத்து வீதிக் கட்டளைச் சட்டம் அதனை வேறு உருவில் மீட்டது. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணம்.

வேலையின் தன்மையையும் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. மேல்மாகாணத்தின் செம்புரைக்கல், கபுக் என வழங்குவது, மண்ணுள் இருக்கும்போது மென்மையானது. வெட்டி எடுத்துக் காற்றுப் பட்டபின் இறுகுவது. அதனை உடைத்துப் பரப்பி அடித்தால் செந்நிறக் கிறவல் வீதி உண்டாகும். வெயிலில் அது புழுதியாய் எழும். மழையிற் சேறாய் வழியும். ஒவ்வொரு பருவ மழைக்குப் பின்னும் மீண்டும் மண் சுமக்க வேண்டும். கிறவல் வீதி ஒரு முறை போட்டு முடிவதன்று. ஓயாத உடலுழைப்பினால் மட்டுமே நிலைப்பது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரோ மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தே சென்றனர். காலராவிலும் பட்டினியிலும் வழியில் மாண்டோர் பலர். பாண்ஸின் பெயர் கறுவாத்தோட்டத்தில் ஒரு வீதிக்கு வழங்குகின்றது. டொரிங்டனின் பெயரும் நகர வீதியொன்றிலே நிலைத்தது. கண்டி வீதியில் உழைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையிற் கோபுரம் உண்டு. கல் உடைத்தவருக்கு எதுவுமில்லை.

வீதி இவ்வாறு ஆயத்தமான பின்னரே வண்டி வந்தது. இரு சில்லும் ஒத்த அளவினவாய், சங்கிலியால் இயங்கும் வண்டியை ஜோன் கெம்ப் ஸ்டாலி 1885இல் அமைத்தார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கண்டுபிடித்தார். கெட்டி ரயரோடு கிறவலில் ஓட்டியவருடைய முதுகெலும்பு அதன் அருமையை அறிந்திருக்கும். 1890களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சைக்கிள் மோகம் பற்றிக்கொண்டது. அம்மோகத்துக்கு வேண்டிய இறப்பர் எங்கிருந்து வந்தது? அமேசன் காடுகளிலிருந்தும், பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் தம் சொந்த உடைமையாக வைத்திருந்த கொங்கோவிலிருந்தும். குறித்த அளவு இறப்பர் கொணராத ஊரவரின் கைகள் வெட்டப்பட்ட கொடுமை உலகறிந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கறுவாக் காட்டின் கதையே அங்கே மேலும் குரூரமாய் மீள நிகழ்ந்தது என்பது பொருந்தும்.

காட்டிலிருந்து வேலிக்குள் வருதலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளுட் சில ஆயிரமே இலண்டன் கியூப் பூங்காவில் முளைத்தன. அவற்றுள் 1,900 அளவான நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹேனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அப்பெயரிலும் ஹேன இருப்பது தற்செயலே ஆயினும் சுட்டாமல் விட முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, முதலிற் சைக்கிளும் பின்னர் மோட்டார் வாகனமும் கேட்ட இறப்பருக்காகக் களனிப் பள்ளத்தாக்கும் களுத்துறைப் பகுதியும் காடழிந்து இறப்பர்த் தோட்டங்களாயின. கொழும்பிலிருந்து அவிசாவளைக்குக் குறுகிய புகையிரதப் பாதை போடப்பட்டது. பால் வெட்டுதற்குத் தமிழ்த் தொழிலாளரும் அயலூர்ச் சிங்கள மக்களும் அமர்த்தப்பட்டனர். தோட்டத்தினுள்ளே, மரவரிசைகளினூடே, பாற்சாலைக்கும் லயங்களுக்கும் கிறவல் வீதிகள் ஓடின.

இறப்பர்த் தோட்டத்துக் கிறவல் வீதியிலே சைக்கிள் உலக வரலாற்றையே ஒருகால் மாற்றியதுண்டு. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய யப்பானியப் படையினர் அங்குள்ள தோட்ட வீதிகளில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் முன்னேறி, 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பணியவைத்தனர். ரயர் வெடித்தபோது வெறும் விளிம்பிலேயே ஓட்டிச் சென்றனராம். அவ்வீதிகளின் இருமருங்கும் நின்ற மரங்களிற் பால் வெட்டியோரும் பெரும்பாலும் தமிழரே. ஏப்ரல் 5இல் கொழும்பின்மீது குண்டு விழுந்தது. மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரிற் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே செல்ல வேண்டியதாயிற்று; மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என அளவிறந்து வெட்டினர்.

நகரத்தின் தென்னெல்லையாகிய வெள்ளவத்தையிலே இவ்விழைகள் பலவும் வந்து கூடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே கால்வாயருகே நூல் நெசவாலை எழுந்தது. 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு தொடர்புடையது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பெற்று வந்த எழுதுவினைஞர் குடும்பங்கள் தென்னந்தோப்புகளை வெட்டிப் பிரித்த ஒழுங்கைகளிற் குடியமர்ந்தன. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இன்று அங்கேயே உள்ளது. மோட்டார் வாகனம் பெருகப் பெருகக் காலி வீதியும் அதன் கிளைகளும் தார் பூசப்பெற்றன. பாண்காரரும் மீன்காரரும் தபாற் சேவகரும் அத்தார் வீதியில் மணியடித்துச் சென்றனர். தமிழர் வாழ்வில் இவ்வண்டி பெற்றிருந்த இடத்துக்குத் தமிழ்க் காங்கிரசு அதனைத் தன் தேர்தற் சின்னமாகக் கொண்டமையே போதிய சான்று. 1990களின் போர்க்காலத்தில் எரிபொருளற்ற யாழ்ப்பாணத்தைச் சுமந்ததும், 2022இல் எரிபொருள் வரிசைகளால் முடங்கிய கொழும்பு மீண்டும் தேடியதும் அதுவே.

ஆக, ஒரே தோட்டம் என்னும் சொல் மூன்று விதியை அடைந்தது. கறுவாத்தோட்டம் நிழல் மரங்கள் செறிந்த தார் வீதியாயிற்று. கொட்டாஞ்சேனைத் தோட்டம் சந்தாய் ஒடுங்கிற்று. மூன்றாவதாகிய பெருந்தோட்டத்திலே கிறவல் கிறவலாகவே கிடந்தது. இதற்குக் காரணம் மழையும் மலையும் மாத்திரமல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாய் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். வாக்கில்லாதவரின் வீதியை எந்த உறுப்பினரும் நாடிச் செல்ல வேண்டியதில்லை. 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அப்பொழுதும் வீதி பொது வீதியாகவில்லை. பிரசாவுரிமை படிப்படியாகக் கிடைத்து வந்த காலத்திலேயே, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளே சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தம் வாக்கினால் அமைந்த சபை தம் வீட்டு வாயில்வரை கல் பரப்ப முடியாத விந்தை 2018இல் அச்சட்டம் திருத்தப்படும்வரை நீடித்தது. தொஸ்கானாவின் வெண்சரளை, காக்க விரும்பியோரால் எஞ்சிற்று. அவிசாவளைப் பக்கத்துச் செங்கிறவலோ, கவனிக்கக் கடமைப்பட்டோர் கவனியாமையால் எஞ்சிற்று. இரண்டின் மீதும் உருளும் சில்லுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

விடுமுறை நாட்களிலே கொழும்பிலிருந்து அகன்ற ரயர் பூட்டிய வண்டிகளோடு கிழக்கே செல்லும் இளைஞர், இறப்பர் மரங்களின் நிழலில் அவ்வீதிகளின் அழகை வியத்தல் இயல்பே, அழகு உண்மையானதுதான். கறுவாத்தோட்டத்து வீதிகளைப்போல் அவற்றுக்குத் தேசாதிபதிகளின் பெயர்கள் சூட்டப்படவில்லை. கையேந்திய பால்வாளியோடு விடியலில் அவ்வழியே செல்வோர் அவற்றை மேற்கணக்கு வீதி, கீழ்க்கணக்கு வீதி என்றே வழங்குகின்றனர்.